மூன்று விரல் நீளம்

“கெடச்சிடுச்சு. வண்டியத் தூக்கிட்டு வா.”

பூந்தோட்டத்துக் குளிர் அறைக்குள் நின்றபடிதான் பராசா கதோனியின் அந்தச் செய்தியைப் பார்த்தான். கைகளில் தடித்த உறை. அதைக் கழற்றப் பொறுமையில்லாமல் மூக்கு நுனியால் திரையைத் தட்டிப் படத்தைத் திறந்தான். பலகை மேல், சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் கருப்பு ஃபோர்க் ஒன்று படுத்திருந்தது. கால்கள் இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. சக்கரம் இருபத்தாறு அங்குலம், மேல்தண்டு பழைய அளவு, டிஸ்க் பிரேக் மாட்ட இடம் உண்டு. அவன் கேட்டதெல்லாம் இருந்தது. விலையும் அவன் சம்பளத்துக்குள் அடங்கியது.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ரோஜா வாளிகளைத் தள்ளப் போனான். முகத்தில் துணி, காதுவரை தொப்பி. அந்த அறையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நைவாஷாவிலிருந்து பூக்கள் ஐரோப்பாவுக்குப் போகும். அங்கே ஓட்டிச் சலித்த சைக்கிள்கள் கண்டெய்னரில் இங்கே வரும். அவனுடைய நீல வண்டியும் அப்படி வந்ததுதான்.

மழைக்கு முன்னால் எபுரு காட்டு இறக்கத்தில் அதன் ஃபோர்க் எண்ணெய் கக்கிவிட்டது. அழுத்தினால் இறங்கும், எழாது. படுத்துக்கொண்ட ஆடு மாதிரி. அதற்கும் முன்பே கூட்டாளி மூட்டிசோ வேலைக்குக் கத்தார் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மூட்டிசோதான். அவன் கூப்பிட்டால்தான் கிமாருவும் மற்றவர்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார்கள். வழியெல்லாம் அவன் பேசுவான், பராசா கேட்டுக்கொண்டே மிதிப்பான். அவன் போனபின் அவர்களுடைய போன் குழுவில் சாவுச் செய்தியும் பழைய ஜோக்குகளும்தான் வந்தன. தோட்டத்து லைன் வீட்டில் ஒற்றை ஆளுக்குக் கிண்டும் சோளமாவு உகாலி எப்படிக் கிண்டினாலும் மிஞ்சியது.

ஒருநாள் பராசா கசியும் ஃபோர்க்கைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். ‘என்ன மாத்தலாம்? வெல கம்மியா வேணும்.’

அவ்வளவுதான். போன் நிற்கவே இல்லை. புதுசு வாங்கு என்றான் ஒருவன். புதுசுக்கெல்லாம் தண்டு அடியில் தடியாக இருக்கிறது, உன் வண்டிக் கழுத்துக்குள் நுழையாது என்றான் இன்னொருவன். நைரோபியில் மலிவாக ஒன்று கிடைக்கும், ஆனால் அம்மிக்கல் கனம், ஒரு மழையில் இறுகிவிடும் என்றார்கள். ஸ்பிரிங்கே இல்லாத வெறும் இரும்பு ஃபோர்க் போட்டால் என்ன என்று கேட்டதற்குக் கிமாரு, “போடு மச்சான். எறங்கும்போது நீ தனியா, பல்லு தனியா வீடு வந்து சேரலாம்” என்று குரல்செய்தி அனுப்பினான். கத்தாரிலிருந்து மூட்டிசோகூடச் சிரித்தான். அன்று உகாலி ஆறிப்போனது பராசாவுக்குத் தெரியவில்லை.

யாரோ நகுருவிலிருக்கும் கதோனியின் எண்ணைக் கொடுத்தார்கள். கண்டெய்னர் சாமான் பிரித்து விற்கும் பெண். அவள் ஒவ்வொன்றாகப் படம் அனுப்பினாள், கூடவே கூப்பிட்டுப் பேசினாள். முதல் ஃபோர்க்கின் காலில் கீறல், எண்ணெயைத் தடுக்கும் சீல் கிழிந்துவிடும் என்றான். உண்மைதான். அடுத்ததில் டிஸ்க் மாட்ட இடமில்லை. அதுவும் உண்மை. அதற்கடுத்ததில் என்ன குறை என்று அவனுக்கே தெரியவில்லை. “நெறம் ஒத்து வரலக்கா” என்றான். “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறியா, ஃபோர்க் பாக்குறியா?” என்று கேட்டுவிட்டு அவள் மூச்சு முட்டச் சிரித்தாள். அந்த வாரம் முழுக்கக் குளிர் அறையில் அந்தச் சிரிப்பு அவன் தொப்பிக்குள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை மட்டாட்டு வேன் கூரையில் நீல வண்டியைக் கட்டி ஏற்றிக்கொண்டு நகுரு போனான். கடை என்பது ஒரு தகரக் கொட்டகை. விட்டத்தில் சக்கரங்கள் தொங்கின. கதோனியை அவன் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. போனில் கேட்ட குரலைவிடக் குள்ளமாக இருந்தாள். கையெல்லாம் கிரீஸ்.

“ஓ, ரோஜாக்காரரே! நெஜமாவே ஆள் ஒண்ணு இருக்கா? நான் ஏதோ பேய் போன் பண்ணுதுன்னுல்ல நெனச்சேன்.”

ஃபோர்க்கை எடுத்துக் கொடுத்தாள். இன்னும் படத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது. அழுத்தினான், மெத்தென்று இறங்கி எழுந்தது. விளக்கில் காட்டிப் பார்த்தான். மோந்துகூடப் பார்த்தான். குறையே இல்லை. வண்டிக் கழுத்துக்குப் பக்கத்தில் தண்டை நிறுத்தி டேப்பை வைத்தான். எண்கள் கண்ணில் நிற்கவில்லை.

“குட்டையா இருக்குக்கா. முன்னாடி வச்சிருந்தவன் வெட்டிட்டான் போல.”

“குட்டையா? குடு இப்டி.”

கதோனி டேப்பை வாங்கி அளந்தாள். திரும்பவும் அளந்தாள். பிறகு விரல்களை ஒட்டவைத்துத் தண்டின் நுனியில் பிடித்துக் காட்டினாள். “மூணு வெரல் நீளம் தம்பி. மிச்சம் இருக்கு. குட்டைன்னா ஒண்ணும் பண்ண முடியாது. நீளம்னா வெட்டிக்கலாம்.”

அவன் சக்கரங்களை அண்ணாந்து பார்த்தான்.

“ஏம்பா,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “உனக்கு டேப்பு படிக்கத் தெரியாதா என்ன? கோடு கோடா எண்ணிச் சொல்ற ஆளாச்சே நீ.”

“தெரியும்க்கா.”

அவள் டேப்பைச் சுருட்டி வைத்தாள். பிறகு பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை சாய் ஊற்றிக் கையில் திணித்தாள். “குடி. ஆறிடும்.” அவன் குடித்து முடிக்கும்வரை கேட்கவில்லை. முடித்ததும், “வெட்டவா? வெட்டிட்டா நான் திருப்பி வாங்க மாட்டேன். இந்த வண்டிக்குன்னு ஆயிடும்” என்றாள்.

“வெட்டுங்க.”

“நீயே வெட்டு. நான் புடிச்சுக்கறேன்.”

ரம்பம் கிறீச்சிட்டது. துண்டு விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தான். சுட்டது. பையில் போட்டுக்கொண்டான்.

ஃபோர்க்கை மாட்டியபின் அதற்குள் காற்றடிக்க வேண்டும். “எட எவ்ளோ?” என்று கேட்டாள் கதோனி. ஆள் கனத்துக்குத் தகுந்த காற்று. அவனுக்குத் தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் நிற்கவைத்தாள். முள்ளைப் பார்த்துவிட்டு, “ரோஜாப்பூவ மட்டும் திங்கிறியா?” என்றாள். அவளுடைய குட்டி பம்ப்பாலேயே அடித்தாள். பிறகு ஃபோர்க் காலில் இருந்த மெல்லிய ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளினாள்.

“ஓட்டிட்டு வந்து இது எங்க நிக்குதுன்னு பாரு. எவ்ளோ அமுங்குச்சோ அவ்ளோ ஏறி நிக்கும். பாதிலயே நின்னா காத்து ஜாஸ்தி. உச்சிய இடிச்சா கம்மி.”

“பாத்துட்டுச் சொல்லட்டுமாக்கா?”

அதற்குள் செயின் கேட்டு யாரோ வந்துவிட்டார்கள். அவள் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் படத்தைக் குழுவில் போட்டான். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. “அடப்பாவி, வாங்கிட்டியா! இனிமே நாங்க எதப் பத்திப் பேசுறது?” என்றான் கிமாரு. எல்லோரும் சிரித்தார்கள். நாளைக்குப் போகலாமா என்று பராசா கேட்டான். கிமாரு வீட்டில் ஞானஸ்நானம். மற்றவர்கள் பார்த்ததற்கு அடையாளமாய் நீலக் குறி மட்டும் விழுந்தது. குழு அதற்குமேல் சத்தம் போடவில்லை.

ஞாயிறு காலை தனியாகவே எபுருவுக்குப் போனான். இறக்கத்தில் வண்டி வேர்களை விழுங்கிக்கொண்டு பறந்தது. பள்ளங்களில் முன்சக்கரம் உள்வாங்கி எழுந்தது, கைக்கு வலியே வரவில்லை. “அப்பாடா!” என்று வாய்விட்டுக் கத்தினான். மரங்களுக்கு நடுவே அது போன இடம் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

அடிவாரத்தில் இறங்கிக் குனிந்தான். வளையம் உச்சிக்கு ஒரு விரல் கீழே நின்றிருந்தது. வளையத்துக்கு மேலே புழுதி, கீழே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. காற்று சரியாக இருந்தது. படம் எடுத்துக் கதோனிக்கு அனுப்பினான். போகவில்லை. காட்டுக்குள் சிக்னல் கிடையாது. மேலே, காவல் சாவடிப் பக்கம் போனால் ஒன்றிரண்டு கோடு வரும்.

படம்தான் எடுத்தாயிற்று. இருந்தாலும் அவன் ஏறி உட்காரவில்லை. வந்த வழியிலேயே மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். கல் வந்தபோதெல்லாம், விளிம்புவரை நிறைந்த சாய்க் கோப்பையைக் கொண்டுபோகிறவன் மாதிரி, முன்சக்கரத்தை மெல்லத் தூக்கித் தாண்டி வைத்தான், அந்த வளையம் நகர்ந்துவிடாமல்.