வலக்கன்ன மச்சமும் இடது கைப் புறாவும்

அந்த வியாழக்கிழமை மாலை ஸக்லூலின் காபிக்கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஷவ்கத் தஸூகி, அவருடைய அக்கா இன்ஷிராஹ், எல்லோரும் 'டாக்டர்' என்று கூப்பிடும் மருந்துக்கடை ரம்ஸி, டைல்ஸ் தொழிற்சாலை முதலாளி ஹாஜ் மெத்வல்லி, கடை முதலாளி ஸக்லூல். ஷுப்ரா வட்டாரத்தில் இன்று பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இருக்கவில்லை. அத்தனை பேர் உட்கார அந்தக் கடையில் நாற்காலி கிடையாது.

பெண்பிள்ளைக்கு ஆண்கள் காபிக்கடையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இன்ஷிராஹிடமே கேட்டுக்கொள்ளலாம். கணவர் போன பிறகு அவர் ஒரு வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தார், செம்பருத்தி சர்பத் கேட்டார், படம் பார்த்தார். அன்றிலிருந்து யாருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தின் சட்டம் எளிது. வாரம் ஒருவர் ஒரு படத்தைச் சிபாரிசு செய்து வீடியோ கேசட்டோடு வர வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள், பிறகு சண்டை போடுவார்கள். படம் பிடிக்கவில்லை என்று முடிவானால் சிபாரிசு செய்தவர் அடுத்த வியாழன் வரை கழிப்பறைக் கதவை ஒட்டிய நாற்காலியில்தான் உட்கார வேண்டும். ஒரு கால் குட்டையான நாற்காலி அது. உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லோருக்கும் முழங்காலை மடக்கி வழிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரம்ஸி அதில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஸக்லூல் அதற்கு 'டாக்டர் நாற்காலி' என்றே பெயர் வைத்துவிட்டார்.

ரம்ஸிக்கு எந்தப் படமும் வெறும் படமாகத் தெரியாது. அடுக்களையில் பூனை குறுக்கே ஓடினால் அது ராஜினாமா செய்த மந்திரி. நகைச்சுவை நடிகர் தர்பூசணியைக் கீழே போட்டு உடைத்தால் அது சூயஸ் கால்வாய்.

"உடைஞ்சதும் உள்ளே என்ன நிறம், உஸ்தாத்? சிவப்பு! சும்மாவா சிவப்பு?" என்று ஷவ்கத்தை மரியாதையோடு மடக்குவார்.

"தர்பூசணிக்கு உள்ளே வேற என்ன நிறம் இருக்கணும்னு எதிர்பார்த்தீங்க, டாக்டர்?" என்பார் ஷவ்கத்.

"தணிக்கைக்காரனும் இப்படித்தான் ஏமாந்தான்."

ஷவ்கத்துக்கு இந்த உள்ளர்த்த வியாபாரம் அறவே ஆகாது. மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றாத மனிதர் அவர். சொன்னதுதான் சொன்னது, எழுதியதுதான் எழுதியது. முப்பது வருஷம் நீதிமன்றத்தில் இருந்தவருக்குக் கோடிட்ட இடத்தில் கையெழுத்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது அல்ல. "படத்துல ஒருத்தன் டீ குடிச்சா, அவனுக்குத் தாகம்னு அர்த்தம். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

அந்த நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஷவ்கத்தின் தகப்பனார் அப்துல் கஃபாரின் முகம். 'ஐந்தாம் மாடிக் கல்யாணம்' என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் விருந்துக் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தவர் அவர். பாட்டுக்கு நடுவே ஒரு கணம் அவர் முகம் திரையை நிறைக்கும். அந்தக் கணத்தை யாரோ பிரதியெடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார்கள். மீசை, சிரிப்பு, வலது கன்னத்தில் கடலைப்பருப்பு அளவு மச்சம். அந்த மச்சத்தால்தான் சந்தில் அந்தக் குடும்பத்துக்கே பெயர். தஸூகி வீடு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது; 'வலக்கன்ன மச்சக்காரர் வீடு' என்றால் பால்காரன்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஷவ்கத்தின் மகள் நிஹாலை மெத்வல்லியின் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் சம்மதம். மெத்வல்லிக்கு மட்டும் வம்சம் பார்க்க வேண்டியிருந்தது.

"பொண்ணு தங்கம். அதுல பேச்சே இல்ல" என்று சொல்லியிருந்தார் அவர். "ஆனா நான் வம்சம் பாக்குறவன். உங்க வாப்பா படத்துல வந்தவராமே. எல்லாரும் சொல்றாங்க. நானும் ஒரு தடவை பாத்துட்டா ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாம்."

ஆகவே, வாழ்நாளில் முதல் முறையாக ஷவ்கத் ஒரு படத்தைச் சிபாரிசு செய்தார். கேசட்டை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்.

படம் நன்றாகவே போனது. மெத்வல்லி மூன்று இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தார். விருந்துக் காட்சி வந்தது. பாடகி கையை விரித்தாள். திரையில் அப்துல் கஃபார் தோன்றினார்.

"இதோ!" என்று ஷவ்கத் எழுந்தே விட்டார்.

"நிறுத்து ஸக்லூல், நிறுத்து!" என்று கத்தினார் ரம்ஸி.

ஸக்லூல் பொத்தானை அமுக்கினார். படம் நடுங்கிக்கொண்டே நின்றது. மெத்வல்லி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியருகே போனார்.

"மாஷா அல்லாஹ். மச்சம் அப்படியே இருக்கு, வலது கன்னத்துல."

"வலதேதான்" என்றார் ஷவ்கத்.

"மச்சத்த விடுங்க ஹாஜ்" என்றார் ரம்ஸி. அவர் குரலே மாறியிருந்தது. "கையப் பாருங்க."

எல்லோரும் கையைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது. வீட்டில் எல்லோரும் மச்சம், மச்சம் என்று கத்துவதற்குள் ஓடிப்போய்விடும். இப்போது ஓடாமல் நின்றது. அப்துல் கஃபாரின் கையில் கோதுமை அடைத்து வறுத்த முழுப் புறா. வாயருகே போயிருந்தது. அது இடது கை.

"இடது!" ரம்ஸி மேசையில் அடித்தார். டீ சிந்தியது. "இடது கை! இது தற்செயலா? மன்னர் காலத்துப் படம். இடதுசாரின்னு வாயால சொன்னா உள்ள தூக்கிப் போட்டுருவான். அதனால கையால சொல்லியிருக்காங்க!"

மெத்வல்லி மெதுவாகத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார்.

"ஷைத்தான்தான் இடது கையால சாப்பிடுவான்னு எங்க வீட்டுல சொல்லி வளத்தாங்க" என்றார். "நான் எதுவும் சொல்லல உஸ்தாத். பாத்ததச் சொன்னேன்."

ஷவ்கத்தின் முகம் சுண்ணாம்பாயிற்று. தஸூகி குடும்பத்தில் கைக்குழந்தைகூட இடது கையில் ரொட்டியைத் தொட்டதில்லை. இது ஊரறிந்த விஷயம். ஆனால் பெட்டிக்குள் தகப்பனார் புறாவோடு நடுங்கிக்கொண்டிருந்தார். மகளின் கல்யாணமும் அந்தப் புறாவின் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

அவர் பெட்டியருகே போனார். நீதிமன்றத்தில் போலிப் பத்திரத்தைப் பார்ப்பது போலக் குனிந்து, மூலை மூலையாகப் பார்த்தார். தகப்பனாருக்குப் பின்னால் மங்கலாக ஒரு துணித் தோரணம் தொங்கியது. அதில் ஏதோ எழுதியிருந்தது. அவர் நிமிர்ந்தபோது கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டாக்டர், அந்தத் துணியில என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

ரம்ஸி கண்ணைச் சுருக்கினார். "வாழ்... வாழ்த்து... இல்ல, என்னது இது?"

"படிக்க வராது. ஏன்னா நம்ம அரபு எழுத்து வலது பக்கத்துலேர்ந்து ஓடணும். இது இடது பக்கத்துலேர்ந்து ஓடுது. கண்ணாடியில காட்டின மாதிரி திரும்பியிருக்கு." அவர் மெத்வல்லியின் பக்கம் திரும்பினார். "ஹாஜ், இந்தத் துண்டு ஃபிலிமைத் திருப்பி ஒட்டிட்டாங்க. வலது இடதாயிடுச்சு. எங்க வாப்பா வலது கையாலதான் சாப்பிடுறார்."

மெத்வல்லி மறுபடி மூக்குக்கண்ணாடியை எடுத்தார், பார்த்தார். "அட ஆமா! எழுத்து திரும்பித்தான் இருக்கு!"

"அல்லாஹு அக்பர்" என்றார் ஸக்லூல். எல்லோருக்கும் இன்னொரு சுற்று டீ போடப் போனார். ரம்ஸி சூம்பிப்போய், கழிப்பறைப் பக்கத்து நாற்காலியைப் பழக்க தோஷத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஷவ்கத் ஜன்னலோரம் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார். அவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

டீ வந்தது. இன்ஷிராஹ் சர்பத்தின் அடியில் இருந்த சர்க்கரையைக் கரண்டியால் வழித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் தம்பி, வலது இடதாயிடுச்சுன்னா, அந்த மச்சம்?"

எல்லோரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"படத்துல மச்சம் வலது கன்னத்துல இருக்கு" என்றார் இன்ஷிராஹ் நிதானமாக. "படத்தத் திருப்பினா அது இடது கன்னத்துக்குப் போயிடுமே. நம்ம வாப்பாவுக்கு வலதுல இல்ல இருந்துச்சு?"

"அக்கா" என்றார் ஷவ்கத்.

"நான் ஒண்ணும் சொல்லல. கணக்கு உதைக்குதேன்னு கேட்டேன்."

ரம்ஸிக்கு உயிர் திரும்பிவிட்டது. "உஸ்தாத், அப்போ ரெண்டுல ஒண்ணுதான். படம் நேரா இருந்தா, அது உங்க வாப்பா. ஆனா இடது கை. படம் திரும்பியிருந்தா, வலது கை. ஆனா அது யாரோ! எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

மெத்வல்லி ஷவ்கத்தின் தலைக்கு மேலே சுவரில் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு ஷவ்கத்தைப் பார்த்தார். கேசட்டின் மேல் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

ஷவ்கத் காலைக் கீழே இறக்கினார். ஒரு பக்கம் ஷைத்தானின் கை. இன்னொரு பக்கம், எவனோ ஒருவன் முகத்தை இத்தனை வருஷமாகச் சுவரில் மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து, அவன்தான் தகப்பன் என்று ஊரையே நம்பவைத்த குடும்பம். இரண்டில் எந்த வாசல் வழியாகப் போனாலும் நிஹால் வெளியே நின்றாள். அவர் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். தொண்டையைச் செருமினார்.

"படம் திரும்பல" என்றார்.

"பின்ன எழுத்து?" என்றார் ரம்ஸி.

ஷவ்கத் கண்ணை மூடித் திறந்தார். "எழுத்தத் திருப்பி எழுதினாங்க. வேணும்னே. அதுல..." அடுத்த சொல் அவர் வாயிலிருந்து கல்லைப் பெயர்ப்பது போல வந்தது. "அதுல ஒரு உள்ளர்த்தம் இருக்கு."

ஸக்லூலின் கையிலிருந்த தட்டு சரிந்தது.

"எழுத்தும் இடது பக்கத்துலேர்ந்து. கையும் இடது. ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது. எங்க வாப்பா வீட்டுல ஒருநாளும் இடது கையில சாப்பிட்டவர் இல்ல. படத்துக்காக, அந்தச் செய்திக்காக, பாவத்தத் தலையில போட்டுக்கிட்டு இடது கையில எடுத்தார்."

"என்ன செய்தி?" என்றார் மெத்வல்லி.

"வெளிய சொல்லக் கூடாதுன்னுதானே ஹாஜ் ஒளிச்சு வச்சாங்க."

இதற்கு மேல் ரம்ஸியால் தாங்க முடியவில்லை. நாற்காலியை விட்டுத் துள்ளினார். "நான் சொல்றேன்! இடது பக்கம் வண்டி ஓட்டுறவன் யாரு? இங்கிலீஷ்காரன்! அவன் கையில என்ன? புறா! புறான்னா சமாதானம்! இங்கிலீஷ்காரன் நம்ம சமாதானத்த வறுத்துத் திங்கிறான்! கல்யாண வீட்டுல! நம்ம செலவுல!"

"யா ஸலாம்" என்றார் ஸக்லூல்.

மெத்வல்லி திரையின் பக்கம் திரும்பினார். "எங்க வாப்பாவ இஸ்மாயிலிய்யாவுல இங்கிலீஷ்காரன் துப்பாக்கிக் கட்டையால அடிச்சான்" என்றார். "சாகுற வரைக்கும் இடுப்பு வலிதான் அவருக்கு." கைக்குட்டையை எடுத்தார். "அந்த நேரத்துல இப்படி ஒருத்தர் பகிரங்கமா... அதுவும் புறாவ வச்சு... உஸ்தாத், இது வம்சம்."

இன்ஷிராஹ் தம்பியின் காதருகே குனிந்தார்.

"டேய், வாப்பாவுக்குப் புறான்னாலே குமட்டுமேடா. வீட்டுல சமைக்கவே விட மாட்டாரு."

"நாட்டுக்காக" என்றார் ஷவ்கத், உதடு அசையாமல்.

மெத்வல்லி இரண்டு கைகளையும் ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள். ஃபாத்திஹா ஓதி முடித்து முகத்தில் தடவிக்கொண்டார்கள். ஸக்லூல் வாசலில் நின்று சந்து அதிரக் குலவையிட்டார். ஆண்பிள்ளை குலவையிடுவது இழுக்கு என்று இன்ஷிராஹ் அவரைத் தள்ளிவிட்டுத் தானே முறையாக இட்டார்.

மெத்வல்லி விடைபெற்றுப் போனதும், ரம்ஸி ஷவ்கத்தின் தோளில் கைபோட்டார். "உஸ்தாத், தர்பூசணியப் பத்தி இப்போ என்ன சொல்றீங்க?"

ஷவ்கத் அந்தக் கையை எடுத்து ரம்ஸியிடமே திருப்பிக் கொடுத்தார். கேசட்டைத் துணியில் சுற்றினார். சுவரில் இருந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்து, கடையின் கோடிக்கு நடந்துபோய், கழிப்பறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் சாயவில்லை.

"அங்க ஏன் உஸ்தாத்? படம் எல்லாருக்கும் பிடிச்சுதே!" என்றார் ஸக்லூல்.

"இன்னொரு டீ" என்றார் ஷவ்கத்.

இன்ஷிராஹ் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து தம்பிக்கு எதிரே போட்டார். உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பக்கத்துக் கடை டைலர். ஷவ்கத் முழங்காலை மடக்கி அவருக்கு வழிவிட்டார்.

முதலில் சொன்ன ஐந்து பேர் கணக்கில் டைலரைச் சேர்க்கவில்லை. அவர் வந்த வேலை வேறு, எதையும் பார்க்கவில்லை. ஆனால் அவர் வாய் வழியாகத்தான், ஷவ்கத் தஸூகியின் படம் கூட்டத்தில் தோற்றது, அவரை ஓட்டுப் போட்டுக் கழிப்பறைப் பக்கம் உட்கார வைத்தார்கள் என்ற பேச்சு ஷுப்ரா முழுக்கப் பரவியிருக்கிறது. அது பொய். ஓட்டெடுப்பே நடக்கவில்லை. அவராகத்தான் போய் உட்கார்ந்தார்.