தேதி இல்லாத கடிதம்

ஊரில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தாலும் ஸஜீதாவைத்தான் தேடி வருவார்கள். நிவாரண விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழில் பிழையாகப் பதிந்த பெயர், கிராம சேவகருக்கு ஒரு முறைப்பாடு, எதுவானாலும் அவள் வாசித்து விளக்கிய பிறகுதான் பெண்கள் கையெழுத்து வைப்பார்கள். மாதர் சங்கத்துக்குப் பதினொரு வருடம் செயலாளராக இருந்தவள். அதனால் ரத்தோட்டைப் பக்கத்து அந்தச் சிறிய பிரதேச சபைக்கு அன்ஸார் ஹாஜியார் அவளை வேட்பாளராகக் கேட்டபோது யாருக்கும் அது புதினமாகப் படவில்லை.

அது நோன்பு மாதம். நியமனப் பத்திரம் ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தது. நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது ஹாஜியார் தன் வீட்டு முன் அறையில் அவளையும் அவள் கணவன் நளீமையும் உட்கார வைத்தார். கட்சியின் பிரதேச அமைப்பாளர் அவர். கராம்பு, மிளகு வியாபாரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். நளீம் தோட்டம் தோட்டமாக அலைந்து சேர்க்கும் கராம்பெல்லாம் அவர் கடைக்குத்தான் போகும்.

"லிஸ்ட்டுல பொம்பளைங்க பேர் கொறஞ்சா முழுப் பத்திரத்தையும் தள்ளிருவாங்க. நீங்க ஒண்ணும் செய்யத் தேவல்ல, மகள். பேர் மட்டும்தான்" என்றார் ஹாஜியார்.

ஸஜீதா பத்திரத்தில் கையெழுத்து வைத்தாள். அவர் இன்னொரு தாளை நகர்த்தினார். சொந்தக் காரணங்களினால் உறுப்பினர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று தட்டச்சில் அடித்திருந்தது. தேதி போடுகிற இடம் வெறுமையாக இருந்தது.

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். "ஹாஜியார், இதுல தேதி இல்லையே?"

"அது கட்சிக்கு ஒரு பாதுகாப்பு. எல்லாரும் குடுக்குறதுதான்."

"ஸியாம் நானாவும் குடுத்தாரா?"

ஸியாம் ஹாஜியாரின் மருமகன், சந்தை வட்டாரத்து வேட்பாளர். ஹாஜியார் சிரித்துக்கொண்டே பேனாவைத் தாளின் மேல் வைத்தார்.

"வெச்சிட்டு வா. பாங்கு சொல்லப் போறாங்க" என்றான் நளீம்.

வைத்தாள். வாசிக்காமல் ஏமாந்தவள் என்று பின்னாளில் அவளைச் சொல்ல முடியாது. வாசித்து, விளங்கி, அந்த அறையில் தனக்கு எவ்வளவு இடம் என்பதையும் கணக்கெடுத்த பிறகே வைத்தாள். அந்த உண்மைதான் பிறகு அவளை அதிகம் உறுத்தியது.

கட்சி மூன்று வட்டாரங்களில் வென்றது. மூவரும் ஆண்கள். பட்டியல் வழியாக வந்த நான்காவது இடத்தைச் சட்டப்படி ஒரு பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படித்தான் ஸஜீதா உறுப்பினர் ஆனாள்.

இருபத்தொரு பேர் இருக்கும் சபையில் பெண்கள் ஐந்து பேர். ஸஜீதாவுக்குப் பின்வரிசை. "ஸியாம் கை ஒசத்தினா நீங்களும் ஒசத்துங்க" என்பதே ஹாஜியார் சொல்லியனுப்பிய ஒரே அறிவுரை. அவளும் உயர்த்தினாள். வீதி விளக்குக்கு உயர்த்தினாள், குப்பை லொறிக்கு உயர்த்தினாள், தனக்கு விளங்காத ஒரு கணக்கறிக்கைக்கும் உயர்த்தினாள். வீட்டுக்கு வந்தால் பெண்கள், "இண்டக்கி என்ன பேசினீங்க?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் ஏதாவது சொல்லிச் சமாளித்தாள்.

ஆறாவது மாதம் பீபி சந்தையில் விழுந்தாள்.

பீபி கங்குன் கீரையும் வல்லாரையும் கட்டுக் கட்டாக விற்கிறவள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். சந்தை நாளில் விடியும்முன் வந்து சாக்கு விரித்தால் பொழுது சாயும்வரை எழும்ப மாட்டாள். காய்ச்சலில் நடுங்கி, கீரைக் கட்டுகளின் மேலேயே சரிந்தவளை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரகத்தில் கிருமி ஏறி முற்றிவிட்டது என்று சொன்னார்கள்.

ஸஜீதா பார்க்கப் போனபோது பீபியின் முகம் வீங்கி, கண் சின்னதாகத் தெரிந்தது.

"டொக்டர் தண்ணி குடிக்கச் சொல்றாரு. நான் எங்க குடிக்கிற? குடிச்சா எங்க போற?" என்றாள் பீபி. "ஆம்புளைங்க ஆத்துப் பக்கம் போவாங்க. நாங்க அடக்கிக்கிட்டு இருக்கணும். இருவது வருஷமா அப்பிடித்தான்."

"சந்தையில பொம்பளைங்களுக்குக் கட்டின கக்கூஸ் ஒண்ணு இருக்கு தானே?"

"இருக்கு. பூட்டு போட்டு உள்ள தராசும் தார்ப்பாயும் வெச்சிருக்காங்க." பீபி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீங்க உள்ளுக்குத்தானே இருக்கீங்க, ஸஜீதா. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குப் பூட்டும் தெரியும், பூட்டியவரையும் தெரியும். சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ஸியாமின் சொந்தத் தம்பி. குத்தகை நீடிப்புக்கு நான்கு மாதத்துக்கு முன் கை உயர்த்தியவர்களில் அவளும் ஒருத்தி.

அடுத்த நாளே அவள் பிரதேச சபை அலுவலகத்துக்குப் போனாள். சபையின் செயலாளர் வாகினி, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பாவின் அரசாங்க வேலையோடு மாத்தளைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். வாகினி தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள்.

"மிஸ், சபையில ஒரு விஷயம் பேசணும்னா எப்பிடி?"

வாகினி கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "பிரேரணையாக் குடுக்க வேணும். எழுத்தில, ஏழு நாளுக்கு முன்னம். தமிழில எழுதலாம். நாங்கள் மொழிபெயர்ப்போம்."

"கட்சியில கேக்கணுமா?"

"சட்டத்தில அப்படி இல்லை."

ஸஜீதா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். வாரச்சந்தையிலுள்ள பெண்களுக்கான மலசலகூடத்தை ஒரு மாதத்துக்குள் திறந்து தண்ணீர் வசதி செய்து கொடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த கைதான். அன்று எழுத்து கோணலாக வந்தது.

மூன்றாம் நாள் அன்ஸார் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். அவர் அவள் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை.

"மகள், கக்கூஸ் விஷயமெல்லாம் சபையில பேசுற ஒரு விஷயமா? ஒங்களுக்கு வெக்கமா இல்லையா?" குரலில் கோபமே இல்லை. "நான் ஸியாமுக்கிட்டச் சொல்லி அத மெதுவாத் தொறக்க வெக்கிறேன். நீங்க அந்தக் கடதாசிய வாபஸ் வாங்குங்க."

"எப்பத் தொறப்பாங்க, ஹாஜியார்?"

"பாப்போம்."

"அப்ப பேசியே பாப்போம்."

ஹாஜியார் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்தார். "ஒங்க கடிதம் என்ட அலுமாரில இருக்கு. தேதி போடுறது ஒரு நிமிஷ வேல." பிறகு நளீமின் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றுவிட்டுப் போனார்.

நளீம் அந்தத் தேத்தண்ணீரை உள்ளே கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து, "நமக்கு இது என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டான். அன்று அவர்கள் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்.

அவள் வாபஸ் வாங்கவில்லை. கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வாகினி அவளை அழைத்தாள். அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை மேசையில் வைத்தாள். நோன்பு மாதத்தில் வைத்த அதே கையெழுத்து. மேலே நீல மையில் புதிதாக ஒரு தேதி.

"தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கினம். எங்களுக்குப் பிரதி வந்திருக்கு. நான் ஒண்டுதான் கேக்கலாம். இது நீங்கள் குடுத்த கடிதமா?"

இல்லை என்றால் பொய். ஆம் என்றால் எல்லாம் முடிந்தது.

"கையெழுத்து என்னோடது, மிஸ். தேதி என்னோடது இல்ல. தேர்தலுக்கு முந்தியே, நான் உறுப்பினராக முந்தியே வாங்கினது. நான் இப்ப விலகல்ல."

வாகினி ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினாள். "இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்கோ. இண்டைக்கே தேர்தல் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்து, பெற்றுக்கொண்டதுக்கு முத்திரை வாங்குங்கோ." ஸஜீதா எழுதி முடிக்கும்வரை வந்த இரண்டு பேரையும் வெளியிலேயே நிற்க வைத்தாள்.

மறுநாள் பகல் றுஸ்னா வந்தாள். ஹாஜியாரின் தம்பி மகனைக் கட்டியவள், இருபத்தெட்டு வயது. தன்னுடைய இடத்துக்கு அவளைத்தான் போடப் போகிறார்கள் என்று ஸஜீதாவின் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. உள்ளே வரச் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. றுஸ்னா வாசலிலேயே நின்று அழத் தொடங்கினாள்.

"ராத்தா, சத்தியமா நான் கேக்கல்ல. எனக்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல. நேத்து ஒரு கடிதம் கொண்டு வந்து கையெழுத்து வெக்கச் சொன்னாங்க. அதுலயும் தேதி இல்ல."

ஸஜீதாவின் கோபம் அந்த இடத்திலேயே நின்றுபோனது. போன நோன்பு மாதத்தில் ஹாஜியாரின் முன் அறையில் உட்கார்ந்திருந்த தன்னையே வாசலில் பார்ப்பதுபோல் இருந்தது.

"வெச்சீங்களா?"

"இன்னும் வெக்கல்ல. மாமா பொறகு வாறேன்னாரு."

"உள்ளுக்கு வாங்க" என்றாள் ஸஜீதா.

கூட்ட நாளில் பிரேரணை கடைசியாகத்தான் வந்தது. தவிசாளர் தலைப்பை வாசித்ததும் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸஜீதா எழுந்தாள். முன்னாலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சந்தையில் பேசிப் பழகிய சிங்களத்தில் பேசினாள். அறிக்கைகளில் வருகிற சிங்களம் அவளுக்கு வராது.

பீபியின் பெயரைச் சொன்னாள். எந்த வார்டில் கிடக்கிறாள் என்று சொன்னாள். நாவுலயிலிருந்து முதல் பஸ்ஸில் மரக்கறி மூட்டையோடு வருகிறவர்கள், எல்கடுவவிலிருந்து இறங்கி வருகிற தோட்டத்துப் பெண்கள், மாதவிடாய் நாளில் சந்தைக்கே வராமல் விடுகிறவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தச் சொல்லைச் சபையில் அதுவரை யாரும் சொன்னதில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"குத்தகைக்கு நானும் கை ஒசத்தினேன்" என்று முடித்தாள். "பூட்டுப் போட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஒசத்தினேன். அது என்ட பிழை. இண்டக்கி அதத் திருத்தத்தான் எழும்பினேன்."

ஸியாம் எதிர்த்துப் பேசினான். குத்தகை ஒப்பந்தம், பராமரிப்பு, நிதி என்று நீண்ட பேச்சு. பிறகு வாக்கெடுப்பு. ஸஜீதா யாரையும் பார்க்காமல் கை உயர்த்தினாள். பக்கவாட்டில் சேலைச் சரசரப்புக் கேட்டது. மற்ற நான்கு பெண்களும் கை உயர்த்தியிருந்தார்கள், நால்வரும் வேறு வேறு கட்சிக்காரர்கள். அவர்களுக்குப் பின் ஆண்களின் கைகள் ஒன்றிரண்டாக எழுந்தன. ஆதரவாகப் பன்னிரண்டு, எதிராக எட்டு. பிரேரணை நிறைவேறியது.

கட்சியின் கட்டுப்பாட்டை மீறியதற்கு விசாரணை என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மாத்தளை நகரத்தில் ஒரு கடைக்கு மேல் மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்கள். நளீம் கீழேயே நிற்பான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் பின்னாலேயே ஏறி வந்தான்.

"விருப்பத்தோடதானே அந்தக் கடிதத்துல கையெழுத்து வெச்சீங்க?" என்று நடுவிலிருந்தவர் கேட்டார்.

ஸஜீதா வாய் திறக்குமுன் நளீம் பேசினான். "நான்தான் வெக்கச் சொன்னேன். என்ட யாவாரம் கெட்டுப் போகும்னு பயந்து சொன்னேன். அவ தேதி இல்லையேன்னு கேட்டா. பாதுகாப்புன்னு ஹாஜியார் சொன்னாரு, வெச்சிட்டு வான்னு நான் சொன்னேன். எழுதுங்க, அதையும் எழுதுங்க."

அவர்கள் எழுதவில்லை. இருவரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். இருபது வருட மணவாழ்க்கையில் அவள் முதன்முறையாகத் தெருவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதவி விலகல் கடிதம் செல்லாது என்று தேர்தல் அலுவலகம் சொல்லிவிட்டது. ஆனால் கட்சி அவளை நீக்கியது. கட்சி நீக்கினால் ஆசனமும் போகும். பட்டியலில் வந்தவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. எட்டாவது மாதத்தில் அவள் பெயருக்கு முன்னாலிருந்த 'கௌரவ' என்ற சொல் போனது. நளீமின் கராம்பை ஹாஜியார் கடையில் எடுப்பதை நிறுத்தினார்கள். அவன் நகரத்துக்குப் போய் விற்கப் பழகிக்கொண்டான்.

ஹாஜியார் கேட்டுப் பார்த்த வேறு பெண்கள் எல்லாரும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் றுஸ்னாவே உறுப்பினர் ஆனாள். சத்தியப்பிரமாணத்துக்கு முந்தின நாள் அவள் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், நேரில் வந்து கொடுக்காத எந்தக் கடிதத்தையும் தன் பெயரில் ஏற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கி வந்தாளாம். வாகினிதான் பஸ் தரிப்பிடத்தில் கண்டபோது இதைச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு வந்து மறைந்தது.

பீபி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், ஆனால் திரும்பச் சந்தைக்கு வரவில்லை. நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் மௌத்தாகிப்போனாள். மையித்து வீட்டில் ஸஜீதா பெண்களோடு உட்கார்ந்திருந்தபோது யாரும் சந்தையைப் பற்றிப் பேசவில்லை.

பெருநாள் கழிந்து இரண்டாம் வாரம் அவள் கறிவேப்பிலை வாங்கச் சந்தைக்குப் போனாள். மலசலகூடக் கட்டடத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். சுவரில் பதித்த கல்லில் தவிசாளரின் பெயரும் ஸியாமின் பெயரும் இருந்தன. ஸஜீதா அதை முழுவதும் வாசித்தாள். கல்லின் முன்னால் நின்ற அவளைப் பார்த்து, பக்கத்தில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த நாவுலப் பெண் ஒருத்தி, அவளை முன்பின் அறியாதவள், எழுந்து வந்தாள்.

"அக்கா, எடம் தெரியாமத் தேடுறீங்களா? பொம்பளைங்களுக்கு அந்தப் பக்கம். தண்ணியும் வருது. பயப்படாமப் போங்க, பைய நான் பாத்துக்கிறேன்."

ஸஜீதா பையை அவளிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் நடந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நான்கு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.