எஞ்சினுக்கு ஒரு சைக்கிள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பத்தாறு வயதாகியும் அதை ஒரு குறையாக அவர் நினைத்ததில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ரயில்வே பாலத்தடி டீக்கடையில் தலைக்கவசமும் இறுக்கமான கால்சட்டையுமாக நின்ற பதினோரு பேருக்கு நடுவே செருப்புக் காலோடு போய் நின்றபோது, தப்பான கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரைப் போல விழித்தார்.

"யாரு, எஞ்சின் வீட்டுக்காரரா? வாங்க, வாங்க. இவருக்கு ஒரு டீ குடுப்பா," என்று பிளம்பர் இடம் விட்டார்.

எஞ்சின் என்பது அவர் மனைவி. ரத்த வங்கியில் வேலை. ஏழு வருடமாக ஞாயிறு தவறாமல் இந்தச் சைக்கிள் கூட்டத்துக்கு முன்னால் ஓட்டிப் போனவள். இவர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவார்கள். முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்தால் இடது கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர் காட்ட, அடுத்தவர் காட்ட, கடைசி ஆள்வரை கை போய்ச் சேரும். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும், சாலை தெரியாது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து அவள்தான் சாலையைப் பார்த்தாள்.

போன வருடம், வேலை செய்யும் இடத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். இரண்டு அறுவை சிகிச்சை, ஒரு தகடு, ஆறு திருகு. எலும்பு கூடியதும் ஒரே ஒரு ஞாயிறு சைக்கிளில் போனாள். திரும்பி வந்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "இதை வித்துடுங்க," என்றாள். அதற்குப் பிறகு தொடவில்லை. அவர் விற்கவும் இல்லை. இப்போது அவள் தங்கை மகள் கேட்கிறாளாம். மாதக் கடைசியில் வந்து எடுத்துப் போகப்போகிறாள்.

அது போய்விட்டால் அவள் திரும்ப ஏறவே மாட்டாள் என்று கடைக்காரருக்குப் பட்டது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பழைய சைக்கிள் கனம், அவளால் முடியவில்லை. அவளுக்குத் தெரியாமல் புதிதாக ஒன்று வாங்கிக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். எதை வாங்குவது?

கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"ஃப்ரேம் லேசா இருக்கணும் சார். எட்டு கிலோவுக்கு மேல போனா தொடாதீங்க," என்றார் கணக்கு வாத்தியார்.

"உங்க தொப்பையைக் குறைச்சா ரெண்டு கிலோ மிச்சம் வாத்தியாரே. அதுக்குப் போய் ஃப்ரேமை இளைக்க வைக்கணுமா?" என்றார் பிளம்பர். "டயர்தான் முக்கியம். அகலமா வாங்குங்க."

"வாரம் தவறாம பஞ்சர் ஆகிற ஆளு டயருக்கு யோசனை சொல்றார். குறிச்சுக்கோங்க," என்றார் வக்கீலம்மா. "கை ஒடைஞ்சவங்களுக்கு ஹேண்டில்பார் நேரா, உசரமா இருக்கணும். வேற எதையும் கேக்காதீங்க."

கடைக்காரர் மூன்றையும் குறித்துக்கொண்டார். வாத்தியார் கால் அளவைக் கேட்டார். இவர் பெருமையோடு சொன்னார். கொடியில் காய்ந்த அவளுடைய கால்சட்டையை அளந்து வைத்திருந்தார், அரை மில்லிமீட்டர் பிசகாமல்.

சிரித்துச் சிரித்து வாத்தியாருக்குப் புரையேறிவிட்டது. "துணியையா அளந்தீங்க? ஆளை அளக்கணும் சார். செருப்பில்லாம சுவத்தோட ஒட்டி நிக்க வைங்க. ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு புத்தகத்தை மேல வரைக்கும் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க. புத்தகத்தோட மேல் விளிம்புலேர்ந்து தரைக்கு அளங்க. அதான் கணக்கு."

"எதுக்குன்னு கேட்டா?"

"ஏதாவது சொல்லிச் சமாளிங்க. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்க."

அன்று மதியம் சாப்பாடு முடிந்து அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் துடைத்து, இடது கையாலேயே அடுக்கினாள். வலது கையை மேடைக்குக் கீழே வைத்திருந்தாள். அதை அவர் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. கடைக்காரர் கையில் ஒரு வாரப் பத்திரிகையோடு போய் நின்றார்.

"கொஞ்சம் அந்தச் சுவத்தோரமா நில்லேன்."

"எதுக்கு?"

"முதுகு நேரா இருக்கான்னு பாக்கணும். கைக்குப் பயிற்சி குடுத்தாங்களே, அவங்க சொன்னாங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போய்ச் சுவரில் சாய்ந்தாள். செருப்பை அவளே கழற்றினாள். பாதங்களை ஒரு சாண் அகட்டி வைத்தாள். அவர் நீட்டிய பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வளையும். அட்டை கெட்டியா இருக்கணும். அலமாரியில அகராதி இருக்கு பாருங்க."

அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை. அகராதியைக் கொண்டுவந்து கொடுத்து, முழங்காலிட்டு, நாடாவைத் தரையிலிருந்து பிடித்தார்.

"எழுபத்தாறு சென்டிமீட்டர் வரும். எழுதிக்கோங்க," என்றாள் மேலேயிருந்து. "அந்தக் கூட்டத்துல புதுசா வந்த எல்லாருக்கும் அளவு எடுத்ததே நான்தான். சொல்லுங்க, எந்தக் கடையில வாங்கறதா இருக்கீங்க?"

கடைக்காரர் முழங்காலிட்டபடியே இருந்தார். எழுந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வாத்தியார் சொன்ன ஃப்ரேம், பிளம்பர் சொன்ன டயர், வக்கீலம்மா சொன்ன ஹேண்டில்பார் எல்லாவற்றையும் நாடாவிடம் ஒப்பித்தார்.

"இவ்வளவு பேர்கிட்ட விசாரிச்சிருக்கீங்க. ஏன் ஓட்டலேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. கடைக்கு யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, கண்ணாடி போட்டுக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான். தைக்கிறவருக்கு ஒரு தூரம், லாரி ஓட்டுகிறவருக்கு ஒரு தூரம். பவர் ஒன்றாக இருந்தாலும் கண்ணாடி ஒன்றாகாது. இருபது வருடமாகக் கேட்டுவரும் கேள்வியை வீட்டுக்குள் கேட்கத் தோன்றவில்லை.

"இப்பக் கேக்கறேன்," என்றார்.

அவள் அகராதியோடு சுவரில் சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"கால் நல்லாத்தான் இருக்கு. சைக்கிளும் கனமில்ல. அன்னிக்கு ஒரு பள்ளத்தைக் காட்ட இடது கையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்துடுச்சு. பிரேக்குல வலது கை மட்டும்தான் இருக்கு. பிடிச்சேன். விரல் மடங்கலே. காலை ஊன்றித்தான் நின்னேன். பின்னால பிளம்பர் ஒரு விரக்கடை தள்ளி நிறுத்தினார். எஞ்சினுக்கு எப்படி நிக்கறதுன்னே மறந்துபோச்சுன்னு கேலி பண்ணினார். நானும் சிரிச்சேன்." அவள் மூச்சு விட்டாள். "எனக்குப் பின்னால பதினோரு பேருங்க. என் கையைப் பார்த்து வர்றாங்க."

"கடைசியில போலாமே?"

"கடைசியில போனா யார் முதுகையாவது பார்த்துக்கிட்டே போகணும். எனக்கு ரோடு பார்க்கணும்."

ஜன்னல் வழியாக யாரோ கார் கழுவும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார் கடைக்காரர்.

அவள் வெகுநேரம் அகராதியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "என்னால சொல்ல முடியாது. நீங்க சொன்னா, எனக்குத் தெரியாத மாதிரி இருந்துக்கறேன்."

அடுத்த ஞாயிறு அவர் டீக்கடையில் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். பிளம்பர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் வேற கேலி பண்ணிட்டேனே," என்றார். பிறகு அவரே தொடங்கினார்: "ரெண்டு குழாயை ஒரே திருகுல அடைக்கறதில்லையா? அது மாதிரி ரெண்டு பிரேக் ஒயரையும் ஒரே பிடியில மாட்டலாம். அந்தப் பிடி விக்குது. இடது பக்கம் வச்சுட்டா வலது கைக்கு வேலையே இல்ல."

"இடது கைதான் பள்ளம் காட்டணுமே. அதுவும் பிரேக்குக்குப் போயிட்டா?" என்றார் வாத்தியார்.

"வலது கையால காட்டட்டும்."

"நாம எல்லாரும் இடது கையைத்தானே பார்த்துப் பழகியிருக்கோம்."

"சட்டமா என்ன?" என்றார் வக்கீலம்மா. "இருந்தாலும் திருத்திக்கலாம். இன்னிக்கே ஆரம்பிங்க. இனிமே எல்லாருக்கும் வலது கை."

அன்று அவர்கள் போனதைக் கடைக்காரர் பாலத்தடியில் நின்று பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பாதிப் பேர் இடது கையைப் பாதிவழி நீட்டி, பதறி இழுத்து, வலதை நீட்டினார்கள். வாத்தியார் இரண்டு கையையும் எடுத்துவிட்டு நடைபாதையில் ஏறினார்.

ஒரு வாரம் கழித்து, சந்தை வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் கூடினார்கள். விடுமுறை நாள், ஒரு வண்டிகூட இல்லை. பிளம்பர் தன்னுடைய இரண்டாவது சைக்கிளில் புதுப் பிடியை மாட்டி அதையும் கொண்டுவந்திருந்தார். தன் டயர் அகலத்தையும் எஞ்சின் அப்படியே சோதித்துப் பார்க்கட்டும் என்பது அவர் ஏற்பாடு. அவள் சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றாள். தலைக்கவசத்தைப் பையில் எடுத்து வந்திருந்தாள். அதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் சுற்று அந்தச் சைக்கிளில் தனியாகப் போனாள். ஓடி, நிறுத்தி, ஓடி, நிறுத்தி, பத்துத் தடவை. ஒவ்வொரு முறையும் சைக்கிள் சொன்ன இடத்தில் நின்றது. பிறகு திரும்பிப் பார்க்காமலே, "வர்றதுன்னா வாங்க," என்றாள். பதினோரு பேரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

மூலையில் மழைநீர் தேங்கிய ஒரு குழி இருந்தது. அவள் வலது கையை எடுத்துக் கீழே காட்டினாள். விரல்கள் முழுக்க விரியவில்லை. பாதி மடங்கியபடி நின்றன. பிளம்பர் அதைப் பார்த்துக் கையை நீட்டினார், விரல்களைப் பாதி மடக்கியபடி. அவரைப் பார்த்து வக்கீலம்மா, அவரைப் பார்த்து அடுத்தவர். யாரும் யோசித்துச் செய்யவில்லை. பார்த்ததை அப்படியே பின்னுக்கு அனுப்பினார்கள். கடைசியில் வந்த வாத்தியார்வரை அந்த மடங்கிய கை போய்ச் சேர்ந்தது. குழியில் ஒருவரும் விழவில்லை.

கடைக்காரர் ஓரமாக நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு சுற்றுக்குப் பிறகு அவள் வந்து அவர் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. வலது கையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவர் ஒவ்வொரு விரலாக மெல்லப் பிடித்துவிடத் தொடங்கினார். அவள் அதைக் கவனிக்கவில்லை. பிளம்பரிடம் சண்டைக்குப் போயிருந்தாள்.

"இந்த டயரை வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்றீங்களே, இது சைக்கிளா, ரோடு ரோலரா? பிடி மட்டும் இது போதும். டயர் ஒல்லியா வேணும். ஃப்ரேம் என் பழைய அளவுதான். ஹேண்டில்பார் என் இஷ்டம்."

"அப்போ எங்க மூணு பேர் யோசனையும் குப்பையா?" என்றார் வாத்தியார்.

"மதியம் சைக்கிள் கடைக்கு வாங்க. அங்க வந்து சண்டை போடுங்க," என்றாள் அவள். பிறகு கணவரைப் பார்த்து, "அந்த மோதிர விரலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுங்க," என்றாள்.