ஓலாவ் பிடித்த பிழை

தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் நிறைந்த எங்கள் அளவெட்டியில் நாய்கூடத் தாளம் பிசகாமல்தான் குரைக்கும். அன்று காலை பரமலிங்கத்தின் நாய் அரை அட்சரம் முந்திக் குரைத்தபோதே, நோர்வேயிலிருந்து மின்மடல் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

வந்துதான் இருந்தது. "நாற்பதாவது வரியின் முடிவில் ஓர் இடைவெளி கூடுதலாக இருக்கிறது. எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஓலாவ்."

பரமலிங்கம் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பேத்தியைப் பார்க்க மூன்று மாதம் என்று கனடா போன மனைவி குணலட்சுமி இரண்டு வருடமாக அங்கேதான். இவர் தாடி வளர்த்ததையோ, பிறகு அதை வழித்ததையோ ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கண்ணுக்கே தெரியாத இடைவெளியை, பனிக்குள் குந்திக்கொண்டு ஒருவன் கண்டுபிடித்திருக்கிறான்.

விஷயம் இதுதான். யாரும் திருத்தம் அனுப்பலாம் என்று உலகத்துக்கே திறந்துவைத்த நாட்காட்டி மென்பொருள் ஒன்று. அதற்குக் காவல் ஓலாவ். அவன் பார்த்து ஏற்றால்தான் எதுவும் உள்ளே போகும். அதில் திருக்கணிதப் பஞ்சாங்கம் மட்டும் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு நிரல் எழுதப் பழகிய பரமலிங்கம், பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினார். "நிலா ஒன்றுதானே, அமாவாசை எப்படி இரண்டு நாளில் வரும்?" என்று ஓலாவ் கேட்டான். பரமலிங்கம் பக்கம் பக்கமாக விளக்கினார். "சரி, இரண்டும் இருக்கட்டும்" என்றான் ஓலாவ். இந்த ஒரு வசனத்தைச் சொல்ல ஆளில்லாமல்தான் எங்கள் ஊர்க் கோயில் இரண்டு கட்சியாகி, ஒரு வருடம் சாமி ஒரே தேரில் இரண்டு தரம் ஏறி இறங்கியது.

பிறகு மிஞ்சியவை சின்னப் பிழைகள். அவையும் ஒவ்வொன்றாய்த் தீர்ந்துகொண்டு வந்தன. பரமலிங்கம் ஓர் இடைவெளியை எடுத்து, வேண்டுமென்றே வேறொரு வரியில் வைத்து அனுப்பத் தொடங்கினார். ஓலாவும் சலிக்காமல் பிடித்தான். இடையிடையே தன் மூட்டு நோவைப் பற்றியும் எழுதினான்.

வேலிக்கு அப்பால் நின்ற கனகரத்தினம் கேட்டார்.

"பரமண்ணை, உவன் உங்களுக்குச் சம்பளம் தாறானோ?"

"இல்லை."

"பிறகேன் உவனுக்குப் பயந்து பயந்து திருத்துறியள்?"

"அவனுக்கு நான் ஏன் பயப்பிட? வேலை முடிஞ்சிடுமெண்டுதான் பயம்."

"முடிஞ்சா நல்லதெல்லோ!"

"உன்ரை மனிசி நாளுக்கு நாலுதரம் உன்னிலை பிழை பிடிக்கிறா. உனக்கு உது விளங்காது."

வெள்ளிக்கிழமை மடல் வந்தது. "உங்களை இனியும் சிரமப்படுத்த மனமில்லை. கடைசி இடைவெளியை நானே எடுத்துவிட்டேன். உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது. நன்றி."

பரமலிங்கம் கனடாவுக்கு அழைத்தார். மகள் துஷாந்தினி எடுத்தாள். "அப்பா, பிள்ளை இப்பத்தான் கண்ணயர்ந்தவள். அம்மாவும் படுத்திட்டா. பிறகு எடுக்கட்டே?"

"ஓம் பிள்ளை, ஓம்."

கைபேசியை வைத்தபோது கணினியில் இன்னொரு மடல் கிடந்தது. "உங்கள் பங்களிப்புக்கு நன்றி. இது இயந்திரம் தானாக அனுப்பும் மடல். பதில் எழுத வேண்டாம்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் பதில் எழுதத் தொடங்கினார். இங்கே இன்னும் மழை இல்லை. கிணறு கீழே போய்விட்டது. முருங்கைக் கொப்பொன்று முறிந்து வேலியில் தொங்குகிறது. நேற்று வைத்த குழம்புக்கு உப்புக் கூடிவிட்டது. நீங்கள் சாப்பிட்டாச்சோ?

அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று யோசித்தார்.