டின்னோடு நட்ட ரோஜா

கொழும்புக் கம்பெனியின் பெரிய துரை மனைவியோடு தேயிலைத் தோட்டம் பார்க்க வந்தபோது, பங்களா வாசலில் அந்த அம்மாளின் கையால் ஒரு ரோஜாச் செடி நடப்பட்டது. கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். பங்களாத் தோட்டக்காரன் செபமாலையை மட்டும், கோட்டு கிழிந்திருக்கிறதென்று கொட்டகைக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அது 1953 பெப்ரவரி.

மார்ச் கடைசியில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. செபமாலை தண்ணீரைக் குறைத்துப் பார்த்தான். புகையிலைத் தண்ணீர் தெளித்தான். வெயில் படாமல் மானாப்புல் கூரை போட்டான். செடி தேறவில்லை. ஜூலையில் அந்த அம்மாள் மறுபடி வருவாள். அதற்குள் செடி செத்தால் நீ மலை வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று பங்களாவில் இருக்கும் தோட்டத் துரையின் மனைவி, துரைசானி, சொல்லிவிட்டாள். முன்பு தேயிலை மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது பாறை உருண்டு நசுங்கிய முழங்கால் அவனுக்கு. அந்தக் காலை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய ஒரே வேலை இதுதான்.

ஒருநாள் விடிந்ததும் செடியோரம் கம்பியைச் செருகினான். ஒரு சாண் ஆழத்தில் ணங்கென்றது. நாலு பக்கமும் அதே சத்தம்.

நேரே சமையல்கட்டுக்குப் போனான். பங்களாவின் தலைமை வேலைக்காரன் அலோசியஸ் அவன் தங்கையைக் கட்டியவன். அன்றைக்குச் செடியைக் குழியில் இறக்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

“மாப்புள, செடி வந்த டின்ன வெட்டாமலே எறக்கிட்டீங்க போலிருக்கே.”

அலோசியஸ் கரண்டி துடைப்பதை நிறுத்தவில்லை. “அந்தம்மா வெள்ளக் கையுறையோட நிக்கிறாங்க. அவங்க முன்னால குந்தி டின்னு வெட்டச் சொல்றீங்களா?”

“முந்தின நாளே வெட்டிருக்கலாம்.”

“நீங்க சொல்லிருக்கலாமே மச்சான். வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“இப்பத் தோண்டி எடுத்தாப் பொழச்சுக்கும்.”

“பெரிய துரை சம்சாரம் கைப்பட நட்டதத் தோண்டப் போறீங்களா? என்னையும் சேத்துல்ல மலைக்கு அனுப்புவீங்க.”

ஏப்ரலில் துரையும் துரைசானியும் குதிரைப் பந்தயத்துக்கு நுவரெலியா போன அன்று, செபமாலை தோண்டினான். டின்னுக்குள் வேர்கள் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றிக் கிடந்தன. அடியில் தேங்கிய தண்ணீர் நாறியது. டின்னை வெட்டினான். அழுகிய வேரைக் கழித்தான். மிஞ்சிய வேர் தாங்கும் அளவுக்குக் கிளைகளையும் நறுக்கி, புது மண்ணில் நட்டான். பார்வைக்கு மூன்று குச்சிகள்தான் நின்றன. டின்னைச் சாட்சிக்கென்று கொட்டகையில் வைத்தான்.

மறுநாள் திரும்பி வந்த துரைசானி குச்சிகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து ஏவல் சொற்கள். அலோசியஸைக் கூப்பிட்டாள். செபமாலை நொண்டிக்கொண்டே கொட்டகைக்குப் போனான். டின் இல்லை. காலையில் அலோசியஸ் அங்கே போய் வந்ததை அவன் பார்த்திருந்தான். எதற்கென்று யோசிக்கவில்லை.

“டின்னுக்குள்ள வேரு அழுகிக் கெடந்துச்சு, அதான் மாத்தி நட்டேன், தளுத்துரும்னு சொல்லுங்க மாப்புள.”

அலோசியஸ் நீளமாகச் சொன்னான். செபமாலைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டின் இங்கிலீஷிலும் டின்தான் என்பது தெரியும். அந்த ஒரு சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கடைசிவரை வரவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை, ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரிக்கும்போது, கான் வெட்டும் ஆட்களோடு அவன் பேரையும் கூப்பிட்டார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அலோசியஸ் செபமாலையின் லயத்து வீட்டுக்கு வந்தான். புதுக் கோட்டு. செபமாலையின் மனைவி பவுலின் தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தாள்.

“செடி பூத்திருச்சு மச்சான், மூணு பூ. அந்தம்மா தன்னோட கைராசின்னு படமெல்லாம் எடுத்துக்கிட்டாங்க. நல்லாப் பாத்துக்கிட்டேன்னு எனக்கு இந்தக் கோட்டு.” கோட்டுக் கையை நீவிக்கொண்டான். “இப்ப எலையில வெள்ள மாவாட்டம் படியுது. என்ன போடணும்?”

கந்தகத் தூள். செபமாலையின் நாக்கு நுனியில் இருந்தது. வீங்கிய முழங்காலில் எண்ணெய் தேய்ப்பதை அவன் நிறுத்தவில்லை.

“துரைசானிகிட்டக் கேளுங்க மாப்புள. ஒங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருமே.”

அலோசியஸ் எழுந்து போனான். அவன் தொடாத தேத்தண்ணியைப் பவுலின் எடுத்துப் போய் வாசல் கானில் ஊற்றினாள்.