ருக் சார்

ருக்ஸார் இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஓவிய வகுப்பில் யார் கண்ணுக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். எழுபத்திரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். மலையூரான செம்மேட்டுக்கு மேலே, பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் நடந்த அந்தச் சிறிய ஓவியக் கல்லூரியில் முதல் பருவம் அவ்வளவுதான். அவள் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.

தவறு சேர்க்கையின்போதே நடந்தது. எழுத்தர் கருப்பண்ணன் விண்ணப்பங்களைப் பார்த்துக் கணினியில் பெயர்களை அடித்தார். மலை ஊர்ப் பெயர்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்திலிருந்து வந்த ருக்ஸார் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. அதை ருக் சார் என்று படித்தார். யாரோ புது ஆசிரியரின் தாள் மாணவர் விண்ணப்பக் கட்டுக்குள் கலந்துவிட்டது என்று எண்ணி, நடுவில் இடைவெளி விட்டு அடித்து, ஆசிரியர் பட்டியலின் கடைசியில் சேர்த்தார். ஆசிரியர் அறையில் ருக் சாருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. மாணவர் பதிவேட்டில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. வகுப்பில் இருபத்து மூன்று முக்காலிகள் இருந்தன.

முதல் நாள் மாதேஸ்வரன் வாத்தியார் கரும்பலகையில் விதிகளை எழுதினார். வருகைக்கு இருபது, வகுப்பில் பேசுவதற்குப் பத்து, வேலைக்கு எழுபது. வருகை முக்கால் பங்குக்குக் குறைந்தால் படத்தைப் பார்க்கவே மாட்டார். சொன்னதை விட்டு வேறொன்றை வரைந்தால் சைபர். பெயரைக் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்று சொல்ல வேண்டும். பிரசன்ட் என்றாலும் இருக்கேனுங்க என்றாலும் அவர் ஏற்பதில்லை. இருபத்திரண்டு பேரும் சொன்னார்கள். ருக்ஸார் தன் பெயருக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் பதிவேட்டை மூடிவிட்டார். வகுப்பு முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். முடிந்ததும் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தயங்கினாள். பத்தாவது நாள் அந்தக் கேள்விக்குப் பத்து நாள் வயதாகியிருந்தது. பதினோராவது நாள் செல்வம் என்ற மாணவன் காலி முக்காலி என்று நினைத்துத் தன் பையை அவள் மடியில் வைத்தான். பை முக்காலிக்கு ஒரு சாண் மேலே நின்றது. கைக்கு எட்டும் உயரமாக இருந்ததால் தினமும் அங்கேயே வைத்தான்.

அடுத்த வாரம், அந்த முக்காலிக்கு எதிரே இருந்த தாளில் கரிக்கோடுகள் தாமாக விழுவதை வகுப்பு இரண்டு நாள் பார்த்தது. மூன்றாம் நாள், ருக் சார் வந்துவிட்டார் என்று முடிவு செய்தது. ஆசிரியர் பட்டியலில் இன்னும் வரவேண்டியவர் அவர் ஒருவர்தான் என்பதால் யாரும் வியக்கவில்லை. பையைச் சார் தள்ளிவிடவில்லை என்பதால் செல்வமும் இடத்தை மாற்றவில்லை. உதவியாளர் பெருமாயி தினம் பதினொரு மணிக்கு அங்கே ஒரு டம்ளர் டீ வைத்தாள். கொஞ்ச நேரத்தில் டம்ளர் காலியாகிவிடும். "சார் குடிச்சிட்டாருங்க. சக்கரை பத்தலீன்னா ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க" என்பாள். சர்க்கரை போதும் என்று ருக்ஸார் ஒருமுறை சொன்னாள். அது உதட்டைத் தாண்டவில்லை. மலையின் மேல் அவளுக்கென்று நடந்த காரியம் அந்த டீ மட்டுமே.

சனிக்கிழமைகளில் படங்களைச் சுவரில் குத்தி நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். மாதேஸ்வரன் ருக் சாரின் பலாப்பழத்தை நடுவில் குத்தினார். "இதுக்கு நூறு. மத்ததுக்கெல்லாம் இத வெச்சுத்தான் போடறேன்." கோகிலாவுக்கு நாற்பத்தொன்று வந்தது, செல்வத்துக்கு இருபத்தெட்டு.

"வாத்தியாருன்னா ருக் சாராட்ட இருக்கோணும். ஒரு வார்த்த திட்டறதில்ல" என்றான் செல்வம்.

"உன்ற படத்தப் பாத்துப் பேச்சு நின்னு போச்சு, பாவம் மனுசனுக்கு" என்றாள் கோகிலா.

வகுப்பு சிரித்தது. ருக்ஸாரும் சிரித்தாள். பிறகு கோகிலா தன் படத்தைச் சுருட்டிக்கொண்டு அழுததையும் அவள் பார்த்தாள். அடுத்த வாரம் கோகிலாவுக்காகப் பானையை வேண்டுமென்றே கோணலாக வரைந்தாள். மாதேஸ்வரன் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, ருக் சார் புதிதாக எதையோ தேடுகிறார் என்று சொல்லி நூறு போட்டார். நேராக வரைந்திருந்த கோகிலாவுக்கு முப்பத்தாறு.

முதல் மாதம் அவள் தினம் பஸ்ஸில் மலையேறும்போது எழுபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய பிறகுதான் மறைந்தாள். கீழே இறங்கும்போது அதே வளைவில் திரும்பத் தெரிவாள். இரண்டாம் மாதம் அந்த எல்லை ஐம்பத்திரண்டாவது வளைவுக்கு இறங்கியது, பிறகு முப்பத்தொன்றுக்கு, பிறகு எட்டுக்கு. பஸ்ஸில் ஒரு பெண் குச்சிக்கிழங்கு மூட்டையை அவள் மேல் சாய்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். பருவத்தின் கடைசி வாரம் எல்லை அடிவாரத்தைத் தாண்டிச் சமவெளியில் இறங்கிவிட்டது. தினம் எவ்வளவு நகர்கிறது என்று ருக்ஸார் நோட்டில் குறித்து வந்தாள். கணக்குப்படி வெள்ளிக்கிழமை அது சேந்தமங்கலத்தில் அவள் வீட்டைத் தொட வேண்டும். தொட்டது. அன்று மாலை அவள் அம்மா ஜொஹ்ரா மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். அத்தா அப்துல் சுக்கூர் உட்கார்ந்தார், தம்பி அஷ்பாக் உட்கார்ந்தான். ஜொஹ்ரா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"என்னமோ குறையுதுங்க" என்றாள்.

"உப்பா?" என்றார் அப்துல் சுக்கூர்.

"இல்லீங்க." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காரணம் தெரியாமலே நான்காவது தட்டை எடுத்து வைத்தாள். மகளின் கை அதன் பிறகு தெரிந்தது, முகம் சாப்பிட்டு முடிக்கும்போது தெரிந்தது. அடுத்த முறை அம்மா யோசிப்பாளா என்பது ருக்ஸாருக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடைசி வகுப்பு. மதிப்பெண் பட்டியல் அன்று அலுவலகத்துக்குப் போய்விட்டால் பிறகு ஒரு பெயரையும் சேர்க்க முடியாது. தன்னைப் பார்த்துத் தானே வரைய வேண்டும் என்று சொல்லி ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார்கள். ருக்ஸாரின் கண்ணாடியில் பின்சுவரும் கடிகாரமும் இருந்தன. அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். இடது கையால் முகத்தைத் தடவித் தடவி, வலது கையால் வரைந்தாள். கரி படிந்த ஒரு மூக்கு நுனி கொஞ்ச நேரம் காற்றில் நின்றதாகக் கோகிலா பிறகு சொன்னாள்.

படங்களைச் சுவரில் குத்தினார்கள். நடுவில் முக்காடு போட்ட ஒரு பெண்ணின் முகம். வகுப்பு நெருங்கி வந்து பார்த்தது.

"ஏனுங்க சார், ருக் சாரோட மகளுங்களா?" என்றான் செல்வம்.

"அப்படித்தான் தெரியுது" என்றார் மாதேஸ்வரன். அவருக்கு வருத்தமாக இருந்தது. "நல்ல படம். ஆனா தன்னை வரையச் சொன்னா மகள வரஞ்சிருக்காரு. வாத்தியாரா இருந்தாலும் விதி விதிதான். சைபர்."

சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்த முகத்தின் ஓரத்தில் வட்டத்தைப் போட ஆரம்பித்தார். பாதி வட்டம் வந்திருந்தது.

"அது நானுங்க."

குரல் கரகரத்தது. மாதேஸ்வரன் கையை நிறுத்தினார்.

"மகள் இல்லீங்க. சாரும் இல்லீங்க. ஒரே பேருங்க. ருக்ஸார்."

எல்லோரும் முக்காலியைப் பார்த்தார்கள். அதற்கு ஒரு சாண் மேலே பை நின்றுகொண்டிருந்தது. செல்வம் போய் அதை எடுத்துக்கொண்டான். "கனமா இருந்திருக்குமே. சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேனில்ல புள்ள" என்றான். வாசலில் டம்ளரோடு நின்ற பெருமாயி, "அப்ப டீ அந்தப் புள்ளைக்குத்தானுங்களா, சரி" என்று சொல்லி வழக்கமான இடத்தில் வைத்தாள்.

மாதேஸ்வரன் பதிவேட்டைத் திறந்து, இருபத்திரண்டாவது பெயருக்குக் கீழே ருக்ஸார் என்று இடைவெளி விடாமல் எழுதினார்.

"எத்தன நாள் வந்தே?"

"எல்லா நாளுமுங்க."

"வந்தது போதாது கண்ணு, சொல்லோணும். எழுவத்திரண்டு தடவ கூப்பிடறேன். ஒவ்வொண்ணுக்கும் சத்தமாச் சொல்லு." பேனாவை முதல் நாளின் கட்டத்தில் வைத்தார். "ருக்ஸார்."

"உள்ளேன் ஐயா."