வசதிப் பொருட்கள் பட்டியல்

எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் ஏழையாகிவிடுவோம். மற்ற நாட்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்காதீர்கள். மற்ற நாட்களில் சாதாரண ஏழை, அன்றைக்கு மட்டும் படிவத்துக்கு ஏற்ற ஏழை.

உதவித்தொகை கேட்ட பிள்ளைகளின் வீடுகளை ஊர் அறக்கட்டளைக்காரர்கள் நேரில் பார்க்க வரும் நாள் அது. அவர்களுடைய படிவத்தில் 'வசதிப் பொருட்கள்' என்று ஒரு வரி உண்டு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பெரிய டிவி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வெட்டு. அதனால் விடிந்ததும் தெருவிலுள்ள சாமான் எல்லாம் மாடி மாமா வீட்டுக்கு ஏறிவிடும். அவருக்குப் பிள்ளையும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. மதியம் வரை நான்கு ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே ஒருக்களித்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இந்தத் தெருவிலேயே பெரிய பணக்காரன் நான்தான், கால் நீட்டத்தான் இடமில்லை என்பார்.

இந்த வருடம் என் முறை. மின்னியல் டிப்ளமாவில் இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். உதவித்தொகையை விட்டால் எங்களுக்கு வேறு நாதியில்லை.

எங்கள் வீட்டிலிருந்த ஒரே வசதிப் பொருள் வாஷிங் மெஷின். அப்பா போன பிறகு அம்மா அதை வைத்துத்தான் குடும்பத்தை ஓட்டுகிறாள். கடைத்தெரு சலூன்களின் துண்டுகள் காலையில் எங்கள் வீட்டுக்கு வரும். சாயங்காலம் காய்ந்து, மடிந்து, திரும்பிப் போகும். அதில் பெரிய சலூன்காரர்தான் அறக்கட்டளையின் தலைவரும். மெஷின் பழைய சாமான் கடையில் செத்துக் கிடந்தது. பெல்ட் மாற்றி, கருகிய ஒயரை வெட்டி இணைத்து, அதற்கு உயிர் கொடுத்தது நான். அப்போது எனக்குப் பதினான்கு வயது. மின்னியல் பைத்தியம் பிடித்ததும் அன்றுதான்.

அவர்கள் பார்க்க வரும் நாளன்று பக்கத்து வீட்டு அண்ணன்கள் இருவர் மெஷினைத் தூக்க வந்துவிட்டார்கள். நான் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்பச் சொருகினாள்.

"தெருவே தூக்குதும்மா," என்றேன்.

"தூக்கட்டும். நான் என்ன திருடிட்டா வந்தேன், ஒளிக்கிறதுக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் ரோஷத்துக்கு என் படிப்புதான் கிடைத்ததா என்று கத்தினேன். அவள் துண்டுகளை உள்ளே திணித்துப் பொத்தானை அழுத்தினாள். அண்ணன்கள் நைசாக நழுவிவிட்டார்கள்.

பார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர், ஈரநெஞ்சுக்காரர். அவர் உள்ளே வந்தபோது மெஷின் சுழன்ற சுழற்சியில் ஜன்னல் கம்பி வரை அதிர்ந்தது. என் மதிப்பெண்களைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பேனாவை மூடினார். ஐந்தை வெட்டினால் பிள்ளைக்குக் கிடைக்காது, பழுது என்று எழுதிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓடுதுன்னு எழுதுங்க," என்றாள் அம்மா. "நல்லா ஓடுதுன்னு எழுதுங்க."

எழுதினார். பட்டியல் வந்தது. மூன்று மதிப்பெண் குறைவில் என் பெயர் இல்லை. மாடியில் ஃபிரிட்ஜ் ஏற்றிய மூன்று பேரின் பெயரும் இருந்தது. அவர்கள் மேல் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அம்மாவோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் மெஷின் சத்தமே இல்லை. அம்மா குழாயடியில் உட்கார்ந்து துண்டுகளைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். பெரிய சலூன்காரருடையவை, அறுபது. மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். கெடவில்லை, வசதியாக வாழ்வதை விட்டுவிட்டேன் என்றாள். படிவத்தின் அந்த வரிக்குத்தான் இந்தப் பதில் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்தேன்.

ஐந்து மணிக்கு, சலூன் மாடியில் அறக்கட்டளைக் கூட்டம். இருபத்திரண்டு துண்டுதான் முடிந்திருந்தது. சொட்டச் சொட்ட அவற்றைக் கூடையில் தூக்கிக்கொண்டு படியேறினோம். அம்மா கூடையை நேராக மேசை மேல் வைத்தாள். தண்ணீர் படிவங்களை நோக்கி ஓட, ஆளாளுக்குக் காகிதத்தை வாரிக்கொண்டார்கள். மீதித் துண்டு எங்கே, கீழே வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்களே என்று தலைவர் சீறினார்.

"கையில துவைச்சா இவ்வளவுதாங்க வரும்," என்றாள் அம்மா. "மெஷினை வசதின்னு போட்டிருக்கீங்க. அது வசதி இல்லீங்க, என் பிழைப்பு. உங்க கத்தரிக்கோலை யாராச்சும் வசதின்னு எழுதுறாங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. கோபக்காரர்தான், ஆனால் விஷயம் புரியாதவர் இல்லை. என் படிவத்தைத் தேடி எடுத்து, இந்த ஒரு பிள்ளைக்கு ஐந்தைத் திருப்பிப் போட்டுவிடலாம், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். போதும், போகலாம் என்று அம்மாவின் கையை இழுத்தேன்.

அவள் அசையவில்லை. என் மகளுக்கு மட்டும் வேண்டாம், அந்த வரியையே அடியுங்கள் என்றாள். தலைவர் என்னைப் பார்த்தார். உனக்கு வேண்டுமா, வேண்டாமா, நீ சொல் என்றார்.

வேண்டும். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"வரியை அடிச்சா வேணும்," என்றேன். "இல்லேன்னா வேணாம்."

தபால்காரர் தொண்டையைச் செருமினார். "முப்பது வருஷம் அந்தத் தெருவுக்குத் தபால் கொடுத்தவன் நான். எந்த வீட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நாமதான் அவங்களைப் பொய் சொல்ல வைக்கிறோம்."

கீழே இருந்து துண்டு கேட்டு ஒரு குரல் வந்தது. தலைவர் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் இழுத்த இழுப்பில் காகிதம் கிழிந்தது. என்னோடு இன்னும் இரண்டு பேர் பட்டியலில் ஏறினார்கள், ஏதோ தெருக்களில் ஒளிக்கத் தெரியாமல் இருந்தவர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து இனி கடை கடையாக ஏறி இறங்க வேண்டும் என்று அவர் முணுமுணுத்தார். வசூலுக்கு நானும் வருகிறேன் என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து மெஷின் ஒயரைச் சொருகினேன். இன்னும் முப்பத்தெட்டுத் துண்டு பாக்கி இருந்தது.